மறு: கன்வல்யூஷன் ரிவெர்ப்: ‘சுருள்’ வேண்டாமே

> கன்வல்யூஷனைச் சுருளல் என்கிறோம். அப்படியானால் இது ‘சுருள் எதிர்முழக்கம்’தானே?

ஒலித்தொகுப்பு மென்பொருளைத் தமிழாக்கும்போது கன்வல்யூஷன் ரிவெர்ப்புக்கு, அதாவது ஓர் அரங்கின் முழக்கத்தைப் பதிவிலிருந்து எடுத்து வேறோர் ஒலிக்கு ஏற்றும் கருவிக்கு, அந்தப் பெயர் கணக்கில் சரி, ஒலிக்கூடத்தில் குழப்பும். சுருள்வில்லை அதிரவிட்டு முழக்கம் உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் பல கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் உண்டு. மெனுவில் ‘சுருள்’ என்று கண்டவர் அந்த ‘டொய்ங்’கைத்தான் எதிர்பார்ப்பார்.

ஜெர்மன் மொழியில் இது ‘ஃபால்ட்டுங்’, அதாவது மடிப்பு. ஒரு சைகையைக் கால அச்சில் திருப்பிப்போட்டு, மற்றதன்மேல் நகர்த்தி, பெருக்கிக் கூட்டுகிறோம் அல்லவா? செயலுக்கு ‘மடிப்பு’, அதைத் திரும்பப் பிரிக்கும் டீகன்வல்யூஷனுக்கு ‘மடிப்பு நீக்கம்’ என்று வைக்கலாம்.

---

> செயலுக்கு ‘மடிப்பு’

ஏற்கிறேன். ஆனால் செருகியின் (பிளகின்) பெயரில் அது வேண்டாம். பயனர் எதையும் மடிப்பதில்லை, ஒரு கோப்பை ஏற்றுகிறார். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றைச் சுர ஒலியான சைன் ஸ்வீப்பை ஓர் அரங்கில் ஒலிக்கவிட்டுப் பதிந்து, மடிப்பு நீக்கிப் பெற்றது அந்தக் கோப்பு. (ஸ்வீப் அடுக்குக்குறி வேகத்தில் ஏறினால் ஸ்பீக்கரின் ஒத்திசைத் திரிபு முன்னே தனியாக ஒதுங்கிவிடும், வெட்டி எறியலாம். 2000இல் ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்சலோ ஃபரீனா விளக்கிய முறை இது. பலூனை உடைத்துப் பதிந்தால் இந்த வசதி கிடையாது.)

ஆகவே கோப்பு ‘முழக்கப்பதிவு’, செருகி ‘பதிவுவழி எதிர்முழக்கம்’. பதிவில்லாமல் கணக்கிட்டே முழக்கம் உண்டாக்கும் அல்காரிதமிக் வகை ‘கணிப்புவழி’. ‘தடம்’ என்று யாரும் தொடங்க வேண்டாம், அது ட்ராக்குக்குப் போய்விட்டது.

---

> ‘பதிவுவழி எதிர்முழக்கம்’

உதவிக்குறிப்பில் எழுதிப் பார்த்தேன், நிற்கிறது:

“செருகியைத் தனி பஸ்ஸில் (பல தடங்களின் ஒலி வந்து சேரும் வழி) வைத்து, நேரொலியை (முழக்கம் சேராத மூல ஒலி) 0, முழக்கத்தை 100% ஆக்குக. நேரொலி திறந்திருந்தால் குரல் இருமுறை போகும். இரண்டுக்கும் ஓரிரு மில்லி விநாடி பிசகினாலே சீப்புப் பல்போல அலைவரிசைகள் அறுபட்டு, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பதிவின் தொடக்கத்தில் நேரொலி முள் இருந்தாலும் அதே கதி, அதை வெட்டுக. முன்தாமதம் 20–30 மில்லி விநாடி இருந்தால் பாடல் வரி தெளியும். முழக்கத்தின் வால் இரைச்சலில் முடிந்தால், இரைச்சல் தொடங்குமிடத்திலிருந்து மங்கவிடுக.”

44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவை மாதிரிவீதம் மாற்றாமல் 48 கிலோஹெர்ட்ஸ் திட்டத்தில் ஏற்றினால் வால் சுமார் 8% குறுகும். அறையே சிறுத்ததுபோல் ஒலிக்கும். இதையும் சேர்க்க வேண்டும்.

‘துண்டம்’ என்ற சொல்லும் தேவை. 48 கிலோஹெர்ட்ஸில் 3 விநாடிப் பதிவு 1,44,000 மாதிரிகள். நேரடியாக மடித்தால் சேனலுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 690 கோடிப் பெருக்கல். அதனால்தான் துண்டங்களாக்கி எஃப்எஃப்டி (விரைவு ஃபூரியர் மாற்றம்) வழியே செய்கிறார்கள். துண்டம் பெரிதானால் சிபியு சுமை குறையும், தாமதம் ஏறும். ஆய்வாளர் வில்லியம் கார்ட்னர் 1995இல் காட்டிய வழி: தலைப்பகுதியை நேரடியாக, பின்பகுதியைப் போகப்போகப் பெரிய துண்டங்களாக.

---

> கோப்பு ‘முழக்கப்பதிவு’

இது மட்டும் இடிக்கிறது. கிட்டார் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) கோப்பும் இதே வகைதான். ஆனால் பெரும்பாலும் கால் விநாடிகூட இராது, அதில் முழக்கம் எங்கே? பாடநூலில் இம்பல்ஸ் (கணநேரத் துடிப்பு) ‘கணத்தாக்கு’ என்றிருக்கிறது. கோப்பு ‘கணத்தாக்குப் பதிவு’, பொத்தானில் ‘கணப்பதிவு’ என்றால் அரங்கு, தகடு (பிளேட் ரிவெர்ப்), கேபினெட் மூன்றுக்கும் பொருந்தும்.

---

> ‘கணப்பதிவு’

சரி, பொத்தானில் அதுவே இருக்கட்டும். முழக்க அளவைக் குறிக்கும் ‘வெட்’டை ‘ஈரம்’ ஆக்கிய பழைய வரியையும் இதோடு நீக்கிவிடலாம். ‘ஈரம் 100%’ என்று பார்த்தால் மழைமானி நினைவுதான் வருகிறது.