மறு: ஸ்லிப்பர் கிளட்ச் = வழுக்குக் கிளட்ச்?

அன்பு நண்பர்களே,

நம் மோட்டார் சைக்கிள் கையேட்டின் தமிழ்ச் சொற்பட்டியலில், கியரைக் குறைக்கும்போது தானே பிடி தளர்ந்து பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ‘ஸ்லிப்பர் கிளட்ச்’சுக்கு என்ன பெயர் வைப்பது என்ற இழையில் ஒருவர் எழுதியது இது:

> ஸ்லிப்பர் கிளட்ச் – வழுக்குக் கிளட்ச். நேரடியாகவும் எளிதாகவும் இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டின் பழுதுநீக்கப் பகுதிக்கு வந்ததும் இந்தச் சொல் நம் காலை வாரிவிடும்.

அந்தப் பகுதிக்கு யார் வருவார்கள் என்று பாருங்கள். ஒருவர் ஆறாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறார். முன்னால் போகும் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார். ஆர்.பி.எம். முள் 4,000-லிருந்து 6,000-க்குத் தாவுகிறது, வேகம் மட்டும் ஏறவே இல்லை. கருகல் வாடையும் வரலாம். மெக்கானிக்குகள் இதை ‘கிளட்ச் ஸ்லிப் ஆகுது’ என்பார்கள். நாம் ‘கிளட்ச் வழுக்குகிறது’ என்றுதான் எழுதியாக வேண்டும். சிறப்பம்சங்கள் பக்கத்தில் ‘இந்த வண்டியில் வழுக்குக் கிளட்ச் உள்ளது’ என்று பெருமையாகப் போட்டுவிட்டு, பின்னால் ‘கிளட்ச் வழுக்கினால் உடனே சரிபார்க்கவும்’ என்று எழுதினால், காசு கொடுத்து வாங்கியவர் எதை நம்புவார்?

கம்பெனிகளே ஒரே பெயரில் இல்லை. கவாசாகி ‘அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர்’ என்கிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இலும் ஹிமாலயன் 450-இலும் ‘ஸ்லிப் அண்ட் அசிஸ்ட்’ என்று போடுகிறது. சுசுகி இன்னும் சாமர்த்தியம்: ‘சுசுகி கிளட்ச் அசிஸ்ட் சிஸ்டம்’ என்று வைத்து, வழுக்கும் பேச்சையே எடுக்கவில்லை. ஆங்கிலப் பெயரை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டிய கட்டாயம் நமக்கும் இல்லை.

பொருள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கிளட்சின் நடுக்கூட்டுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே சரிவான பற்கள் இருக்கின்றன. என்ஜின் சக்கரத்தை ஓட்டும்போது அந்தச் சரிவு அழுத்தத் தட்டை உள்ளே இழுத்து, உராய்வுத் தட்டுகளை இன்னும் இறுக்குகிறது. அதனால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலே போதும், லீவரை இழுப்பதும் எளிது. நாள் முழுக்க ஓட்டினாலும் இடது கை மரத்துப்போகாததற்குக் காரணம் இதுதான், பயண வண்டிக்கு இதுவே பெரிய லாபம். இறக்கத்தில் நான்கிலிருந்து சட்டென்று இரண்டுக்குக் குறைத்து லீவரை விட்டால் நிலைமை தலைகீழ். இப்போது சக்கரம் என்ஜினை ஓட்டப் பார்க்கிறது. அந்தப் பின்முறுக்கில் மறுபக்கச் சரிவு அழுத்தத் தட்டை வெளியே தள்ளுகிறது, பிடி கொஞ்சம் தளர்கிறது, பின்சக்கரம் துள்ளாமல் உருள்கிறது. வேகம் சமனானதும் பழையபடி கவ்விக்கொள்கிறது.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது: விட்டுப் பிடிப்பது. பட்டம் விடுகிறவர் காற்று வேகமாக இழுக்கும்போது நூலைக் கொஞ்சம் விட்டு, பிறகு பிடிப்பாரே, அதே வேலைதான். ஆகவே என் பரிந்துரை: விட்டுப்பிடி கிளட்ச். ‘விட்டு’ ஸ்லிப்புக்கு, ‘பிடி’ தட்டுகளை இறுக்க உதவும் அசிஸ்டுக்கு. இரண்டு பாதியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

இழையில் வந்த மற்ற இரண்டையும் பார்த்தேன். ‘பின்முறுக்கு மட்டுப்படுத்தி’ துல்லியமானது, ஆனால் இறுக்கும் வேலையைச் சொல்லவில்லை, வாயிலும் நுழையாது. விளக்க வரியில் ஒருமுறை வரட்டும். ‘நெகிழ் கிளட்ச்’ அழகு. என்ன செய்ய, நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று ஆகிவிட்டதே!

என் பரிந்துரைக்கும் ஒரு சிக்கல் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவருக்குக் ‘கிளட்சைப் பிடி’ என்றால் லீவரை இழு என்று பொருள். அப்போது உள்ளே தட்டுகள் பிரிகின்றன. அதாவது கை பிடித்தால் தட்டு விடும், கை விட்டால் தட்டு பிடிக்கும். இதைத் தவிர்க்க, செய்முறை வரிகளில் எல்லாம் ‘லீவரை இழுக்கவும்’, ‘லீவரை விடவும்’ என்றே எழுதுவோம். ‘கிளட்சைப் பிடிக்கவும்’ எங்கும் வேண்டாம்.

கையேட்டில் எப்படி உட்காரும் என்று பார்க்கச் சில வரிகள்:

‘கியரைக் குறைக்கும்போது லீவரில் லேசான அதிர்வு தெரியலாம். விட்டுப்பிடி இயங்குவதன் அறிகுறி அது, பழுதல்ல.’

‘விட்டுப்பிடி கிளட்ச் இருந்தாலும், ஒரே மூச்சில் பல கியர் குறைத்தால் என்ஜின் வரம்பு மீறிச் சுழலும்.’

‘கிளட்ச் வழுக்கினால் முதலில் லீவர் முனையில் ப்ளே (கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கிறதா என்று பார்க்கவும். ப்ளே இல்லாவிட்டால் கேபிள் எப்போதும் இழுபட்டு நிற்கும், தட்டுகள் முழுதாக இறுகாது.’

‘என்ஜின் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்க வேண்டும். எம்பி குறியிட்டது உராய்வு குறைந்த ஆயில், என்ஜின் ஆயிலில் நனைந்து இயங்கும் ஈரக் கிளட்ச்சுக்கு ஆகாது.’

‘கியர் போட்ட பிறகு லீவரை இழுத்தே வைத்திருந்தும் வண்டி மெல்ல நகர்ந்தால், அல்லது நியூட்ரல் விழ மறுத்தால், ப்ளே அதிகமாக இருக்கலாம்.’

ப்ளே எவ்வளவு என்பது அந்தந்த வண்டியின் அளவு. பல ஹோண்டா கையேடுகளில் 10 முதல் 20 மி.மீ. என்று இருக்கும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் கேபிளே கிடையாது என்பதால் கேபிள் பற்றிய வரியைத் தனிப் பெட்டியில் போடுவோம். ப்ளேக்குத் ‘தளர்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹேண்டில் தளர்வு, செயின் தளர்வு எல்லாம் பழுதுப் பட்டியலில் வருவதால் ‘ப்ளே’ அப்படியே இருக்கட்டும்.

கில் சுவிட்சுக்கு யாரோ ‘கொல்விசை’ என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பார்க்கச் சொல்வதே அதைத்தான். பதற்றத்தில் இருப்பவரிடம் ‘கொல்விசையைச் சரிபார்க்கவும்’ என்றால் மனுஷன் வண்டியை விட்டு நாலடி தள்ளி நிற்பார். முறுக்குவிசையில் வேறு ‘விசை’ ஏற்கெனவே இருக்கிறது. ‘என்ஜின் நிறுத்து பொத்தான்’ போதும்.

விட்டுப்பிடிக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டு, பிரேக் அத்தியாயத்துக்குப் போகிறேன். ஏபிஎஸ்ஸை என்ன செய்வது என்று அங்கே அடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்