மண்டி ஏலம் பாட்டா மாறிடுச்சு, யாருக்காச்சும் இப்படி நடந்திருக்கா?

தக்காளிக்காரன், பாலக்கோடு:
போன மாசம் மச்சானுக்கு ரேட் காட்டலாம்னு மண்டில ஏலத்த போன்ல ரெக்கார்ட் பண்ணேன். சாயங்காலம் வீட்ல போட்டா கடைசியா சொன்னது முன்னூத்தி இருபதா முப்பதான்னு புரியல, அந்த மூணு செகண்ட மட்டும் வெட்டி திரும்பத் திரும்ப ஓட விட்டேன். ஏழெட்டு தடவ ஓடிருக்கும், திடீர்னு ஏலக்காரர் பாட ஆரம்பிச்சுட்டாரு. சத்தியமா. அதே குரல் அதே வார்த்த, ஆனா இழுத்து ராகம் போட்டு பாடறாரு, பையன் பக்கத்துல தட்டுல தாளம் போடறான். ஒட்டுமொத்தமா முதல்ல இருந்து போட்டா மத்ததெல்லாம் பேச்சு, அந்த மூணு செகண்ட் வந்தா மட்டும் பாட்டு. மறுநாள் மண்டில அவர் வாயத் தொறந்ததும் எனக்கு சிரிப்பு தாங்கல, ரேட்ட கவனிக்காம தலையாட்டிட்டேன், பெட்டிக்கு இருபது ரூபா போச்சு. தேடிப் பாத்தா டயானா டாய்ச்னு ஒரு அம்மா 1995லயே தன்னோட பேச்ச லூப்ல விட்டு இதக் கண்டுபிடிச்சிருக்காங்க. காதுக்குள்ள போற சத்தம் இம்மியும் மாறல. அப்ப பாடறது யாரு?

முகவீணை, பென்னாகரம்:
லூப்லாம் எதுக்குங்க, எங்க ஊரு கூத்துக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், துரியோதனன் வேஷம் வரணும். ரெண்டு பேர் திரையப் பிடிச்சு நிக்கறாங்க, மேல கிரீடத்து முனை மட்டும் ஆடுது, உள்ள இருந்து குரல் வருது, முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதறது) ஏறிகிட்டே போகுது, திரைய எறக்கவே மாட்டேங்கறானுங்க. எனக்கு அப்பதான் கை முடியெல்லாம் நட்டுகிட்டு நின்னுச்சு. திரை எறங்கி ஆள் ஆட ஆரம்பிச்சதும் நல்லாதான் இருந்துச்சு, ஆனா அந்தப் புல்லரிப்பு போயிடுச்சு. இத்தனைக்கும் சின்ன வயசுல இருந்து பாத்த கூத்து, அடுத்து என்ன வரும்னு அத்துபடி. 2011ல மான்ட்ரியல்ல சாலிம்பூர், சடோரேன்னு ஒரு குழு இத ஸ்கேன் பண்ணிப் பாத்திருக்காங்க, புல்லரிக்கற எடத்துக்கு முன்னாடி எதிர்பாக்கறப்பவே டோபமைன்னு மூளைல சந்தோசம் தர்ற ரசாயனம் சுரக்குதாம், எதிர்பாக்கறப்ப மூளைல ஒரு எடம், அது வந்து சேந்ததும் இன்னொரு எடம். கூத்துக்காரனுக்கு ஸ்கேன் இல்லாமலே தெரிஞ்சிருக்கு பாருங்க. இசைன்னா எந்த மனுசனுக்கும் இப்படி ஆகத்தான் செய்யும்.

நைட்ஷிப்ட், ஓசூர்:
எந்த மனுசனுக்கும்னு சொல்லாதீங்கண்ணா. எனக்கு ஆவறதில்ல. காது நல்லா கேக்குது, ராகம் தப்பினா கூட தெரியுது, ஆனா ஒண்ணும் ஆவாது, மிக்சி ஓடற மாதிரிதான். கொழுந்தியா ரிசப்ஷன்ல ஆர்கெஸ்ட்ரா பாட மாமனார் கண்ண தொடைக்கறாரு, தொடைச்சுகிட்டே திரும்பி என்னப் பாத்தாரு பாருங்க, நான் அந்நேரம் பீடாவுக்கு சுண்ணாம்பு பத்தலன்னு சொல்லிட்டு இருந்தேன். அந்தப் பார்வை இன்னும் மறக்கல. ரெண்டு வருசமா "மாப்ளைக்கு ரசனை இல்ல"தான். 2014ல பார்சிலோனாக்காரங்க சோதிச்சு எழுதிருக்காங்க, மனச்சோர்வு கிடையாது, காதுக் கோளாறு கிடையாது, காசு ஜெயிச்சா சந்தோசம் வருது, பாட்டுக்கு மட்டும் வர்றதில்ல, அப்படி ஒரு சாதி ஆளுங்க இருக்காங்க. எனக்கு ஓவர்டைம் காசு ஏறின மெசேஜ் வந்தா புல்லரிக்கும், அத யாரு ரசனைன்னு ஒத்துக்கறா?

கல்லுப்பட்டறை, கிருஷ்ணகிரி பக்கம்:
பாட்ட விடுங்க. நான் பதினோரு வருசம் கிரானைட் அறுக்கற மெஷின்ல நின்னவன், மூணு வருசமா காதுல ஊய்ங்ங்னு ஒரே சத்தம், ராத்திரி ஊரே அடங்கின பிறகு அது மட்டும் முழிச்சிருக்கும். உள்காதுல மேல் ஸ்தாயி கேக்கற செல்லுங்க செத்துப் போச்சு, அங்கிருந்து சேதி வரலன்னதும் மூளை வால்யூம ஏத்தி வச்சுகிட்டு உக்காந்திருக்கு, ஸ்டேஷன் எடுக்காத ரேடியோ இரையற மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. போன ஆடில பசங்கள கூட்டிகிட்டு ஒகேனக்கல் போனோம், தண்ணி ஜாஸ்தின்னு பரிசல் நிறுத்திட்டாங்க, தொங்குபாலத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன். அருவி அந்த இரைச்சல் போடுது, என் ஊய்ங் காணோம். பொண்டாட்டி என்னமோ கத்தறா, கேக்கல, நான் பாட்டுக்கு சிரிச்சுகிட்டு நிக்கறேன். சத்தம் சத்தத்த மூடிடுச்சு, சரி. ஆனா திரும்பி மீன் கடைங்கள தாண்டி வண்டிகிட்ட வந்த பிறகும், ஒரு அரை நிமிசம், அது வரல. கதவத் தொறந்து புடிச்சுகிட்டு அப்படியே நின்னேன், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சும் நகரல. அப்புறம் மெதுவா வந்துச்சு, வந்தே வந்துடுச்சு.

ஓய்வு வாத்தியார், தருமபுரி:
தம்பி கல்லுப்பட்டறை, முதல்ல ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட்) எடுங்க, எடுத்திருந்தா வருசா வருசம் எடுங்க. ஒரு காதுல மட்டும் சத்தம் வந்தாலோ, நாடி துடிக்கற மாதிரி கேட்டாலோ, திடீர்னு காது அடைச்சாலோ ஒரு நாள் கூட தள்ளிப் போடாம காது டாக்டர்கிட்ட போகணும். எண்ணெய காய்ச்சி ஊத்தற வேலையே வேணாம், பட்ஸும் வேணாம். இன்னும் பட்டறைல இருக்கற பசங்களுக்கு சொல்லுங்க, பஞ்ச திணிச்சுகிட்டா பத்தாது, சரியான காது அடைப்பான் வேணும். 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் நிக்கலாம், 88 ஆனா நாலு மணி நேரம்தான், மூணு மூணா ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும்னு அமெரிக்காவுல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. செத்த செல்லு திரும்ப முளைக்காது, மனுசன் கோழி இல்ல (கோழிக்கு முளைக்கும், நிசமாத்தான்). ஓசூர் தம்பி, நீங்களும் மாமனார்கிட்ட உக்காந்து பொறுமையா எடுத்துச் சொல்லணும், மனசுலயே வச்சுகிட்டா குடும்பத்துல விரிசல் வரும்.

என் அனுபவம்: ரிட்டயர் ஆகி நாலு வருசம், இன்னும் நாலு பத்துக்கு பெல் கேக்குது.

தக்காளிக்காரன், பாலக்கோடு:
வாத்தியாரே, நான் ஏலத்தப் பத்தி கேட்டேன்.

கல்லுப்பட்டறை, கிருஷ்ணகிரி பக்கம்:
ஆடியோகிராம்லாம் ஆச்சுங்க சார், ரெண்டு காதுலயும்தான். ஃபேன் சத்தத்துலதான் தூங்கறேன், மார்கழிலயும் போட்டுத்தான், பொண்டாட்டி போர்வைய இழுத்து மூடிகிட்டு திட்டுவா. நேத்து மூணு மணிக்கு கரண்ட் போச்சு.