ஒட்டுசுட்டான் வீட்டுக்கு ரொட்வைலரா, கொக்கேசியன் செப்பேர்டா?

பனிச்சையடி:
முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் ஒரு ஏக்கர் வளவு. எனக்குக் கொழும்பில் வேலை, சனி ஞாயிறுதான் வீடு. மனைவியும் 4, 9 வயதுப் பிள்ளைகளும் தனிய. பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் களவு போய்விட்டது. காவலுக்கு ரொட்வைலர், கொக்கேசியன் செப்பேர்ட் என்ற இந்த இரண்டு நாய் இனத்தில் எந்தக் குட்டி எடுக்கலாம்?

கனகராயன்:
கொக்கேசியனை விடுங்கள் தம்பி. குளிரான கொக்கேசஸ் மலைகளில் ஓநாயிடமிருந்து ஆடு காத்த நாய், அந்த மயிரோடு சித்திரை வெயிலில் என்ன பாடுபடும்! ரொட்வைலர் எடுங்கள். எங்கள் வீட்டில் பேரன் காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் படுத்திருக்கும். களவாளி படலையடியில் கண்டாலே திரும்பிவிடுவான்.

மாங்குளம் மைனா:
அண்ணை, முதலில் பேரனை நாயிடமிருந்து தள்ளி வையுங்கள். அது பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதோடு நீங்கள் முழுநாளும் வீட்டில் நிற்கிறீர்கள், இவர் நிற்கமாட்டார். ஆண் ரொட்வைலர் 50 கிலோ வரும். தெருவில் ஆட்டைக் கண்டு இழுத்தால் அக்கா தனியப் பிடிப்பாவா? எங்கள் ஊரில் யார் சொல்லிவிட்டு வருகிறார்கள்? பால்காரர், சீட்டுக்காசு வாங்க வரும் ஆச்சி, பிள்ளையின் கூட்டாளிகள். அவர்கள் கத்தி ஓடி விளையாடும்போது, தன் வீட்டுப் பிள்ளையை அடிக்கிறார்கள் என்று நாய் நினைத்தால்?

கனகராயன்:
அதெல்லாம் வளர்ப்பு. 3 கிழமைக் குட்டியிலிருந்து 14 கிழமை வரைக்கும் ஆட்களையும் சத்தங்களையும் காட்டிப் பழக்க வேண்டும். சங்கிலியில் கட்டிக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுக் கடிக்கிறது என்றால் நாய் என்ன செய்யும்? ஜேர்மனியில் மாடு சாய்த்த இனம் இது. சொல் கேட்கும்.

மாங்குளம் மைனா:
சொல்ல ஆள் வேண்டுமே அண்ணை. அவர் கொழும்பில்.

முள்ளுக்கம்பி:
மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்குச் சிலவேளை வயிறு ஊதித் திருகிக்கொள்ளும். சில மணித்தியாலத்துக்குள் வெட்டிச் சரிசெய்யாவிட்டால் செத்துவிடும். இரவு பத்து மணிக்கு ஒட்டுசுட்டானிலிருந்து எங்கே கொண்டு ஓடுவீர்கள்? விசர்நாய்க்கடி ஊசி வருடாவருடம் போட வேண்டும், வயல் பக்கமென்றால் எலிக்காய்ச்சலுக்கும். உண்ணியை நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் வளவுக்கு வரும் காட்டு யானை. நாய் போய்க் குரைக்கும், யானை துரத்தினால் நேரே வீட்டுக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே அதுவும்.

கனகராயன்:
யானைக்காக நாய் வளர்க்கச் சொல்லி இங்கே யார் சொன்னது?

பனிச்சையடி:
சரி, கொக்கேசியன் வேண்டாம். பெட்டை ரொட்வைலர் கொஞ்சம் சின்னன்தானே?

மாங்குளம் மைனா:
பெட்டையும் 40 கிலோ வரும். மோட்டரைக் காக்கத்தானே கேட்கிறீர்கள்? அதற்குக் கம்பிக்கூடு அடித்துப் பூட்டுங்கள். ஊர்க்குட்டி இரண்டு எடுங்கள், இரவில் குரைத்து எழுப்பினால் போதும். ரொட்வைலர் நீங்கள் மாற்றலாகி ஊருக்கு வந்த பிறகு.

கனகராயன்:
ஊர்நாய் பாண் துண்டு போட்டால் களவாளிக்கும் வாலாட்டும்.

பனிச்சையடி:
மனைவியிடம் கேட்டேன். "ஆர் குளிப்பாட்டுறது?" என்று மட்டும்தான் கேட்டா. ஞாயிறு போய்க் கதைக்கிறேன்.