சப்வூஃபரில் உள்ள ‘சப்’ துணையா, அடியா?

குழுவினருக்கு வணக்கம்.

> சப்வூஃபர்: துணைத் தாழ்சுர ஒலிபெருக்கி

தமிழ்க் கலைச்சொற்பட்டியலில், மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்புகிற பெட்டிக்கு இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. நான் சொல்லாய்வு படித்தவன் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று ஒலிபெருக்கி கட்டிப் பிழைக்கிறவன். ஆனால் போன மாதம் முழுக்க இந்தப் பெட்டியோடுதான் குடித்தனம் நடத்தினேன். வீட்டின் முன்கூடத்தைப் படம் பார்க்கிற அறையாக மாற்றுகிறேன் என்று இறங்கிவிட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தச் சொல்லில் மூன்றில் இரண்டு பங்கு தப்பு.

முதலில் ‘துணை’. துணைத் தலைவர், துணை அமைச்சர் என்று பார்த்துப் பார்த்து, சப் என்றாலே துணை என்று கை எழுதிவிடுகிறது. சப்மரீனைத் துணைக்கப்பல் என்றா சொன்னோம்? நீர்மூழ்கி என்றோம். இங்கேயும் அதே கதைதான். தாழ்ந்த ஒலிக்கான சாதாரண ஒலிபெருக்கிதான் வூஃபர். அது இறங்குகிற இடத்துக்கும் கீழே இறங்குவதால் இது சப். வீட்டில் பொதுவாக ஒலியை 80 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 80 அதிர்வு) பிரித்துவிடுவோம். அதற்கு மேலே உள்ளதை மற்ற ஒலிபெருக்கிகள் பார்த்துக்கொள்ளும். கீழே, மனிதக் காதின் அடிமட்டமான 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இதன் பாடு. தவிர, படத்தின் பல தட ஒலியை 5.1 என்று எழுதுகிறோமே, அந்தப் ‘புள்ளி ஒன்று’ படத்தில் தனித் தடம். 120 ஹெர்ட்ஸ் வரை அடியொலிக்கென்றே ஒதுக்கியது. மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் தூக்கி ஒலிக்க வேண்டும் என்பதும் அதன் கணக்கு. துணையாள் ஒருவருக்குத் தனித் தடமும் கூடுதல் படியும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது ‘தாழ்சுரம்’. எங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “யாருக்குடா காய்ச்சல்?” என்றார். சிரிப்பை விடுங்கள். இந்தப் பெட்டியில் வருவதில் பாதி, சுரமே இல்லை. இடி, லோரி, வெடி, கட்டடம் சரிவது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று மண்டிலம் (ஸ்தாயி) உண்டு, கீழ்மண்டிலம்தான் மெலிவு, அதை எடுக்கலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மரபு சரிதான். ஆனால் அலமாரித் தட்டையெல்லாம் ஆட்டுகிற பெட்டிக்கு மெலிவு என்று பெயர் வைத்தால் யார் நம்புவார்கள்?

இந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அதிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு தெராஸ் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டியது. கூடம் 18 அடி நீளம், 12 அடி அகலம். செங்கல் சுவர், மொசைக் தரை. முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி, தொலைக்காட்சிக்குப் பக்கத்து மூலையில் தள்ளினேன். மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்பது மேடைக்காரனுக்குத் தெரிந்த பாடம். சோபாவை அறைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். படத்தில் மலை சரிகிறது, எனக்கோ ஒன்றுமே இல்லை. கொடுத்த வெள்ளி வீணா என்று எழுந்து பின்சுவர் ஓரம் போனேன். அங்கே வயிறு அதிர்கிறது. அம்மா அறையின் கதவு அந்தச் சுவரில்தான். முன்வாசல் தகரம் கிடுகிடு. ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கிறது. அவர்கள் நல்லவர்கள், மறுநாள்தான் சொன்னார்கள்.

பெட்டியில் பழுது இல்லை, அறையின் வேலை அது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 17 மீட்டர். 80 ஹெர்ட்ஸுக்கே நான்கு மீட்டருக்கு மேல். இவ்வளவு நீள அலை இத்தனூண்டு கூடத்தில் எங்கே போகும்? இரண்டு சுவருக்கும் நடுவே போய் வந்து நிலையலையாக நின்றுவிடும். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலை கிடைக்கும். நம் ஊர் வெக்கையில் வேகம் வினாடிக்கு 349 மீட்டர் அளவில் இருக்கும். 18 அடிக்குச் சுமார் 32 ஹெர்ட்ஸ் வருகிறது, 12 அடிக்குச் சுமார் 48. முதல் நிலையலைக்குச் சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் சுழி, அதாவது ஒன்றுமே இல்லை. நான் சோபா போட்டது அந்தச் சுழியில்.

அப்புறம் தவழும் வித்தை. பெட்டியைத் தூக்கிச் சோபாவில் வைத்து, படத்தை ஓடவிட்டு, நாம் சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ வேண்டும். எந்த இடத்தில் அடியொலி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். தவழ்ந்தேன். “என்னடா தொலைச்ச?” என்று அம்மாவும் கூடவே தேட வந்துவிட்டார்.

ஒரு இருக்கைக்கு அது போதும். எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பத்துப் பேர் உட்காருவார்கள். ஒலிக்கருவி செய்கிற ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் ‘எத்தனை சப்வூஃபர் போதும்’ என்றே ஆராய்ந்திருக்கிறார். செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வேறுபாடு நன்றாகக் குறையும், நான்குக்கு மேல் போவதில் பெரிய ஆதாயம் இல்லை என்பது அவர் முடிவு. ஒரு பெரிய பெட்டிக்கு வைத்திருந்த காசில் 10 அங்குலப் பெட்டி இரண்டாக வாங்கினேன். முதல் பெட்டி தம்பி வீட்டுக்குப் போனது. ஒன்று முன்சுவர் நடுவில், மற்றது பின்சுவர் நடுவில். இரண்டும் ஒரே கட்டத்தில் (phase), அதாவது ஒரே நேரத்தில் ஒன்றுபோல், தள்ளும்போது அந்த 32 ஹெர்ட்ஸ் நிலையலையை ஒன்றுக்கொன்று எதிர்த்து அடக்கிவிடுகின்றன. அகலவாட்டு 48 ஹெர்ட்ஸ் நிலையலைக்கு இரண்டுமே சுழியில் நிற்பதால் அதுவும் கிளம்புவதில்லை. (முதல் நாள் ஒரு பெட்டியின் கட்டப் பொத்தான் 180 பாகையில், அதாவது தலைகீழாக, இருந்ததைப் பார்க்காமல் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அடியொலி மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.)

மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துளை உள்ளது தன் அளவுக்கு அதிகமாக முழங்கும், துளைக்குரிய அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் சட்டென்று விழும். மூடியது மெதுவாக இறங்கும். சின்ன அறைக்கு நான் மூடியதை எடுத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

இனிப் பெயர். வெள்ளைக்காரன் நாயின் குரலை வைத்து வூஃபர் என்றான், குருவியின் குரலை வைத்து ட்வீட்டர் என்றான். நம்மிடம் அந்த வேலைக்கு ஒரு வினை ஏற்கெனவே இருக்கிறது: உறுமு. நாய் உறுமும், புலி உறுமும், வானமும் உறுமும். அதிலிருந்தே ஒரு தோல்கருவிக்குப் பெயரும் வந்துவிட்டது. ஆகவே வூஃபர் = உறுமி, சப்வூஃபர் = அடியுறுமி. என்ன சொல்கிறீர்கள்?

சுங்கை சிப்புட்டிலிருந்து

*

தம்பிக்கு,

மடலை இரண்டு முறை படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்னவனுக்கு ‘நீர்மூழ்கி’ ஒன்றே போதும். துணையை நீக்கிவிடலாம், எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ‘அடியுறுமி’யைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். “அடி, உறுமி!” என்று யாரையோ ஏவுவது போல் இல்லை? அடி என்பதற்குக் கீழ் என்றும் பொருள், அடித்தல் என்றும் பொருள். மேளத்தின் பெயருக்கு முன்னால் அடி வந்தால் எவனும் இரண்டாவதைத்தான் எடுப்பான். போதாததற்கு, உறுமியில் அந்த உறுமல் அடித்து வருவதில்லை. மறுமுகத்தை அடிப்பார்கள், சரி. உறுமல் வருவது வளைந்த குச்சியால் தேய்க்கிற முகத்தில்.

‘ஆழ்’ நல்ல முன்னொட்டு. ஆழ்கடல், ஆழ்மனம், ஆழ்துளைக் கிணறு. ‘ஆழுறுமி’ என்றால் புணர்ச்சியும் இடிக்கவில்லை.

*

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன், அதனால் ஒரு வரி. நிலையலை, அலைநீளம், அதிர்வெண் எல்லாம் பாடநூலில் இருப்பவை, அப்படியே வையுங்கள். ‘கட்டம்’ என்றதும் சரி. பட்டியலில் 80 ஹெர்ட்ஸுக்குக் ‘குறுக்கீட்டு அதிர்வெண்’ என்று போட்டிருக்கிறார்கள். குறுக்கீடு என்றால் ஒன்று இன்னொன்றில் தலையிடுவது. இங்கே நடப்பது பங்கு பிரிப்பு. தம்பியே ‘பிரித்துவிடுவோம்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ‘பிரிப்பு அதிர்வெண்’ போதுமே.

உறுமி ஏற்கெனவே ஒரு கருவியின் பெயர் என்று யாராவது எதிர்த்தால் ‘சுட்டி’யைக் காட்டுங்கள். கணினிச் சுட்டியும் உண்டு, வீட்டில் ஒரு சுட்டிப் பயலும் உண்டு. இதுவரை யாரும் பயலைப் பிடித்து மேசையில் நகர்த்தவில்லை. வாங்கி, பெருக்கி, கருவி என்று இகரத்தில் முடிகிற வரிசையில் உறுமியும் இயல்பாகவே உட்காருகிறது.

*

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி.

ஆழுறுமியை முழு மனதோடு எடுத்துக்கொள்கிறேன். பிரிப்பு அதிர்வெண்ணையும்தான்.

ஆனால் அக்கா, சுட்டிக் கணக்கு என் தொழிலில் செல்லாது. பயலும் கணினிச் சுட்டியும் ஒரே மேடைக்கு வருவதில்லை. எனக்கோ வருடம் முழுக்க உறுமி மேளக் குழுக்களோடுதான் வேலை. “உறுமியைத் தூக்கி மேடைக்கு அடியில் போடு” என்று நான் பையனிடம் சொல்லி, அது குழுத் தலைவர் காதில் விழுந்தால் அன்றோடு என் கடை மூடிவிடும். உறுமிக்கு முன்னால் ஒலிவாங்கி வைக்க வேண்டும், உறுமிக்குப் பின்னால் கம்பி செருக வேண்டும் என்றால் இருட்டில் எது எது? நேற்றே என் பையனிடம் சொல்லிப் பார்த்தேன், ஒலிவாங்கியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் நட்டுவிட்டான்.

அதனால் தனி ‘உறுமி’யை மேளத்துக்கே விட்டுவிடுவோம். சாதாரண வூஃபருக்குத் தாழொலிபெருக்கி இருக்கட்டும், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. சப்வூஃபருக்கு மட்டும் ஆழுறுமி. ‘ஆழ்’ ஒட்டியே இருப்பதால் மேடையிலும் தப்பாது.

இன்னொன்று. எழுத்தில் ஆழுறுமி என்று போட்டாலும் பேச்சில் அது தேயும், அதையும் பட்டியலில் குறித்து வைப்பது நல்லது. நேற்று இரவு பத்து மணிக்குப் படம் போட்டேன். இப்போது பின்சுவர் அதிர்வதில்லை, ஆனாலும் வயதானவர்களுக்குத் தூக்கம் லேசு. கதவைத் திறந்து அம்மா சொன்னது: “படம் ஓடட்டும்டா, அந்த உறுமல் பெட்டிய மட்டும் கொஞ்சம் கொறச்சு வை.” நான் அவரிடம் இந்த மடல்களைப் படித்துக் காட்டவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து