பீரோவுக்குள்ளேயே சிவந்துபோன கல்யாண ஆல்பம்

பழைய படங்களை ஸ்கேன் செய்து தருவது என் தொழில். போன மாதம் ஒரு அம்மா 1950களில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படத்தையும், தன்னுடைய 1981 கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளையில் பாட்டியின் புடவைக் கரைகூடத் தெளிவாக இருந்தது. ஆல்பத்தில் மாலை, மணமேடை, முகம் எல்லாம் செங்கல் நிறம். “பீரோவை விட்டு வெளியவே எடுக்கலையே, எப்படிப் போச்சு?” என்று கேட்டார்.

கறுப்பு வெள்ளையில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. கலர் பிரிண்டில் கழுவும்போதே வெள்ளியை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) என்று மூன்று சாயங்கள்தான். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த பல தாள்களில் சயான் இருட்டில்கூடச் சிதையும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். அது போனால் படம் சிவக்கும். பிறகு வந்த தாள்கள் எவ்வளவோ தேவலை.

அதற்காகக் கறுப்பு வெள்ளை எல்லாமே நிற்கும் என்றில்லை. படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ என்ற ரசாயனம் போகும்வரை தண்ணீரில் கழுவாமல் விட்ட படம் மஞ்சளாகி மங்கிவிடும். பொறுமையாகக் கழுவிக் கொடுத்த அந்தக் கால ஸ்டூடியோக்காரர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எனக்கு அதிக வருத்தம் தருவது ஃபிரேம் போட்ட படங்கள். நம் வீடுகளில் படத்தின் மேலேயே கண்ணாடியை வைத்து அடித்திருப்பார்கள். மழைக்கால ஈரத்தில், தாளின் மேல் உருவத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கொண்டுவந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். புதிதாக ஃபிரேம் போடுபவர்கள் படமும் கண்ணாடியும் ஒட்டாமல் இடைவெளி விடும் மவுண்ட் அட்டையை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

சரி, அந்த ஆல்பத்துக்கு வருகிறேன். சயான் முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. பந்தல் வாழை இலையின் பச்சையை அளவுகோலாக வைத்து நிறத்தைச் சரிசெய்தேன். முகூர்த்தப் புடவை கத்தரிப்பூ நிறம் என்று அந்த அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். எளிதில் மங்காத பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில் புது பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சிவந்த ஆல்பத்தையும் தூக்கிப்போடாமல், ஈரம் ஏறாத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.