ஆரம்ப சுகாதார நிலைய வேலையில் சோர்ந்துவிட்டேன், சீனியர்கள் யோசனை சொல்லுங்கள்

அண்ணன்கள், அக்காக்களுக்கு வணக்கம். அரசு மருத்துவர் பணிக்கான எம்ஆர்பி தேர்வில் தேறி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேர்ந்து வருடம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் ஞாயிறு மாலையே வயிற்றைக் கலக்குகிறது.

நோயாளிகளால் இல்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரிசை வாசல் வரை நிற்கும், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பார்த்து முடித்ததை நோட்டில் ஒரு முறை, கர்ப்பிணிகளின் விவரம் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் ஒரு முறை ஏற்ற வேண்டும், நடுவில் நெட் போய்விடும். கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி இந்தப் பதிவை நம்பியிருப்பதால், பணம் வரவில்லை என்றால் திட்டு எங்களுக்குத்தான். சர்க்கரை மாத்திரைக்கு வெயிலில் நடந்து வந்த பாட்டியிடம், "ஸ்டாக் குறைவு, பத்து நாளைக்குத்தான் இருக்கு பாட்டி" என்றால், "திரும்ப பஸ் ஏறி வரணுமா சாமி?" என்கிறார். என்ன பதில் சொல்ல? அன்று மாலையே மீட்டிங்கில் "டார்கெட் ஏன் குறைந்தது?" என்று கேட்பார்கள். கூட இருந்த டாக்டரையும் டெபுடேஷனில் (தற்காலிகப் பணிக்கு) வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தூக்கம் சரியில்லை, வீட்டில் எரிந்து விழுகிறேன். பதிவு வேலையை நர்ஸ்களோடு மனக்கசப்பில்லாமல் எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்? மேலிடத்தில் டெபுடேஷன் பற்றி எழுத்தில் கேட்டால் பலன் உண்டா? முதுநிலை மருத்துவப் படிப்பில் அரசுப் பணியிலிருப்போருக்கான 50 சதவீத ஒதுக்கீட்டை விட மனமில்லை, ஆனால் இந்த நிலையில் எப்போது படிப்பது? மனநல மருத்துவரைப் பார்த்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். "எல்லாம் பழகிடும்" என்பதை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.