நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே காப்பிரைட் கிளைம்! பாமாலைப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

கீழச்சபை மீடியா (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன சபை, நூற்றிருபது குடும்பம். கோவிட் சமயத்தில் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் லைவ் விட ஆரம்பித்தோம், இன்று வரை நிறுத்தவில்லை. கேமரா, மிக்சர், சேனல் எல்லாம் என் தலையில். வார நாளில் நான் உரக்கடையில் பில் போடுகிறவன். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து பதில் சொல்லுங்கள்.

போன திருவிருந்து ஆராதனையில் கொயர் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடினார்கள். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதிய பாட்டு. அவர் கரையிருப்புக்காரர், எங்களுக்குப் பக்கத்து மண். இறந்தது 1900-ல். மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மெயில் வந்துவிட்டது: வீடியோவில் காப்பிரைட் கிளைம். ஒரு மியூசிக் கம்பெனி (பெயர் வேண்டாம்) தன்னுடையது என்கிறது. இறந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேலான மனுஷனுடைய பாட்டு எப்படி இவர்களுடையது ஆகும்?

நான் கோபத்தில் உடனே 'டிஸ்ப்யூட்' அழுத்தி, 'இது பொதுச்சொத்து' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அதற்குள் வீடியோவுக்கு நடுவே விளம்பரம் ஓடி, பெரிய அவமானம் நடந்துவிட்டது. மும்பையில் இருக்கிற எங்கள் பெரியம்மா ஒரு வாரம் விடாமல் இந்த லைவைப் பார்க்கிறவர்கள். ராத்திரி போன் போட்டு, "என்னடா, ஐயர் அப்பத்தைப் பிட்கிற நேரத்துல ரம்மி விளையாடச் சொல்லி ஒருத்தன் வாரான்" என்றார்கள். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்.) கமிட்டியில் இதுதான் இப்போது பேச்சு. சபைக்கு ரம்மிக்காரன் காசு தருகிறானா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

இது போதாதென்று இன்னும் இரண்டு. மே மாதம் வாலிபர் கூட்டம் வைத்தோம். அதற்கு வைத்த பெயர் வேதத்தில் வருகிற இரண்டே வார்த்தை. அதே பெயரில் வெளியூரில் ஒரு ஊழியம் இருக்கிறதாம். அவர்களுடைய வக்கீல் எங்கள் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் எங்கள் டிரேட்மார்க், பதினைந்து நாளில் பேனர், பேஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் நஷ்டஈடு என்று. செயலாளர் ரிட்டயர்ட் வாத்தியார், அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

அடுத்தது அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விழா. 500 பாட்டுப் புத்தகம் அடிக்கப் போகிறோம். நாற்பது பாட்டு. அதில் பன்னிரண்டு இப்போது எல்லா இடத்திலும் பாடுகிற புதுப் பாட்டு. விற்கப் போவதில்லை, இலவசம்தான். அதற்கும் யாரையாவது கேட்கவேண்டுமா? பிரஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பைல் கேட்கிறார்.

பழைய கொயர்

தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் (சேனலை நிர்வகிக்கிற பக்கம்) அந்த கிளைமைத் திறந்தால் எந்த நிமிஷத்திலிருந்து எந்த நிமிஷம் வரை என்று காட்டும். பாட்டின் மெட்டைக் கேட்கிறார்களா, சவுண்ட் ரெக்கார்டிங்கைக் கேட்கிறார்களா என்றும் இருக்கும். அதைப் பார்க்காமல் டிஸ்ப்யூட் போட்டது அவசரம்.

நான் முப்பத்தெட்டு வருஷம் கொயர் நடத்தினவன். பாட்டு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வார்த்தை ஒன்று, ராகம் ஒன்று, அதை ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவு செய்தது ஒன்று. மூன்றுக்கும் சொந்தக்காரர் வேறு வேறாக இருக்கலாம். கீர்த்தனைகள் எழுதின வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் போனார், அவர் வார்த்தைக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. பாமாலை என்கிற நம் சபைப் பாட்டுப் புத்தகத்தில் பப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்த பாட்டுகள் அதைவிடப் பழசு. ஆனால் அதே பாட்டை போன வருஷம் ஒருவர் வயலின், தபேலா வைத்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் கொயருக்குப் பின்னால் வாசித்தது யார்?

சீயோன்வாசி

கர்த்தருக்குப் பாடுகிற பாட்டுக்குக் காசா? 'இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்' என்று வேதம் சொல்கிறது. கோர்ட்டுக்குப் போகிற விசுவாசிகளைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது என்ன சொன்னார் என்று வாசியுங்கள்.

வக்கீல் பாளையங்கோட்டை

சீயோன்வாசி பிரதர், அதே பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். தைத்த கூடாரத்தை யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் சும்மா இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போகட்டும்.

மீடியா தம்பிக்கு. கிருஷ்ண பிள்ளை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் இறந்த வருஷம் முடிந்து 60 வருஷம். முன்பு 50-தான் இருந்தது. தாகூருடைய உரிமை 1991-ல் முடிகிற நேரத்தில் பத்து வருஷம் கூட்டினார்கள். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த வார்த்தைகள் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டன. பதிவுக்குக் கணக்கு வேறு: வெளியான வருஷத்திலிருந்து 60. பழைய கொயர் அண்ணாச்சி கேட்ட கேள்விதான் இங்கே விஷயம்.

கோவிலுக்குள் பாடுவதற்குப் பயப்படவே வேண்டாம். பிரிவு 52-ல் உண்மையான மதச் சடங்கின்போது பாடுவது, பதிவைப் போட்டுக் கேட்க வைப்பது மீறல் ஆகாது என்று தெளிவாக இருக்கிறது. கல்யாண வீட்டையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அப்படியும் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட லைசென்ஸ் பணம் கேட்கிறார்கள் என்று புகார் வந்து, 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையே அப்படிக் கேட்கக் கூடாதென்று அறிவிப்பு விட்டது. ஆனால் அந்த விலக்கு சடங்குக்கு. ஆராதனை முடிந்து ஐயர் வீட்டுக்குப் போன பிறகும் வருஷக்கணக்கில் சேனலில் கிடக்கிற வீடியோவுக்கு அதே குடையைப் பிடிக்க நான் துணியமாட்டேன். தவிர யூடியூபில் வருகிற கிளைம் நம் கோர்ட்டுக்கு வருவதில்லை. மெஷின் சத்தத்தைச் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். கிளைம் வேறு, ஸ்ட்ரைக் (சேனலுக்கு யூடியூப் கொடுக்கிற எச்சரிக்கை) வேறு. கிளைமால் சேனல் போகாது. தொண்ணூறு நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால்தான் சேனலே காலி. உங்கள் டிஸ்ப்யூட்டுக்குப் பதில் சொல்ல அந்தக் கம்பெனிக்கு 30 நாள் உண்டு. தப்பு உங்கள் பக்கம் என்று தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள். வீம்புக்கு அப்பீல் வரை இழுத்தால் அது ஸ்ட்ரைக்காக மாறலாம்.

பாட்டுப் புத்தகம்: இலவசம் என்பதால் அச்சடிக்க விலக்கு கிடையாது. பாடுவதற்குத்தான் சலுகை, அச்சுக்கு இல்லை. பன்னிரண்டு பேருக்கும் எழுதிக் கேளுங்கள். பாட்டை ஏற்கனவே கம்பெனிக்கு விற்றிருந்தால் அவர்களே சொல்வார்கள், அந்தக் கம்பெனியைக் கேட்கவேண்டும். பதில் வராத பாட்டை எடுத்துவிட்டு ஒரு கீர்த்தனையைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் 'சரி பிரதர்' என்று ஒரு வரி வந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதுவே எழுத்துமூல அனுமதி.

இனி அந்த டிரேட்மார்க் கடிதம். செயலாளர் ஐயாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். கடிதத்தில் பதிவு எண் இருக்கிறதா? இல்லையென்றால் அதையே முதல் பதிலாகக் கேளுங்கள். டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். எந்த வகுப்பில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புத்தகம் என்றால் 16, கூட்டம், பயிற்சி என்றால் 41, மத ஆராதனைக் கூட்டம் என்றால் 45. விண்ணப்பம் போட்ட மாத்திரத்தில் பெயர் சொந்தமாகிவிடாது. பதியாமலே பதிந்ததாகக் காட்டிக்கொண்டால் 1999 சட்டப்படி அபராதம் உண்டு. வேத வார்த்தையைப் பதியவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன், பதிகிறார்கள். ஆனால் 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஊதுபத்திக் கம்பெனிக்கு 'ராமாயண்' என்ற பெயரை டிரேட்மார்க்காகக் கொடுக்க மறுத்தது. புனித நூலின் பெயரை ஒரு வியாபாரி தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆதாரமில்லாமல் மிரட்டினால், அந்த மிரட்டலை நிறுத்தச் சொல்லி நீங்களே வழக்குப் போடவும் அதே 1999 சட்டத்தில் இடம் இருக்கிறது.

அதற்காக முஷ்டியை மடக்க வேண்டாம். அந்த ஊழியத்தின் தலைவருக்கு ஒரு போன் போடுங்கள். பாதி வழக்கு போனில் முடிந்துவிடும். என் பிழைப்புக்கு நல்லதில்லைதான்.

நியூஜெர்சி தமிழ்ச்சபை

வக்கீல் சார் சொன்ன போனுக்கு ஒரு கதை இருக்கிறது. சியாட்டிலில் மார்ஸ் ஹில் என்று பெரிய சபை இருந்தது. நம் வேதத்தில் பவுல் ஏதென்ஸில் நின்று பேசுகிற மார்ஸ் மேடை, அதே பெயர். 2011-ல் அவர்களுடைய வக்கீல் கலிபோர்னியாவில் அதே பெயர் வைத்திருந்த ஒரு சின்ன சபைக்கு, பெயரையும் லோகோவையும் மாற்று என்று கடிதம் போட்டார். விஷயம் வெளியே வந்து ஊரெல்லாம் சிரித்தது. முதலில் நேரில் பேசியிருக்கவேண்டும் என்று கடைசியில் பெரிய சபையே தப்பை ஒத்துக்கொண்டது. பவுலா வந்து ராயல்டி கேட்டார்?

இந்தப் பக்கம் பாட்டு விஷயத்தில் சபைகள் பட்ட அடி பெரியது. சிகாகோ கத்தோலிக்க மறைமாவட்டத்துப் பங்குகளில் ஒரு பதிப்பகத்தின் பாட்டுகளை நகல் எடுத்துச் சொந்தப் பாட்டுப் புத்தகம் தைத்து வைத்திருந்தார்கள். உங்கள் 500 புத்தகம் மாதிரிதான். 1976-ல் வழக்கு. 1984-ல் ஜூரி போட்ட தொகை 30 லட்சம் டாலருக்கு மேல். அதைக் கேட்டு நாடு முழுக்க ஐயர்மார் பீரோவைத் திறந்து நகல்களை எண்ண ஆரம்பித்தார்கள். அந்தப் பயத்திலிருந்துதான் போர்ட்லேண்டில் ஒரு சபையின் இசை ஊழியர் 1988-ல் சிசிஎல்ஐ என்ற லைசென்ஸ் அமைப்பைத் தொடங்கினார். இப்போது எங்கள் சபையும் வருஷ சந்தா கட்டுகிறது. சபையின் அளவைப் பொறுத்து ரேட். திரையில் வரி போடுவதற்கு ஒரு லைசென்ஸ், லைவுக்கு இன்னொன்று. அமெரிக்கச் சட்டத்திலும் ஆலயத்துக்குள் ஆராதனையில் பாட விலக்கு உண்டு, அது ஆலயச் சுவரோடு நின்றுவிடும்.

லைவ் லைசென்ஸ் இருந்தும் எங்களுக்கு கிளைம் வந்திருக்கிறது. மெஷினுக்கு நம் சந்தா ரசீது தெரியாது. லைசென்ஸ் எண்ணைப் போட்டு டிஸ்ப்யூட் செய்தால் விட்டுவிடுவார்கள். ரம்மி விளம்பரத்துக்குக் கிளைம் மட்டும் காரணம் இல்லை, சில வருஷமாக யூடியூபே எந்தச் சேனலிலும் விளம்பரம் போடுகிறது. கமிட்டியில் கேட்ட அந்த அண்ணனிடம் சொல்லுங்கள், அதில் சபைக்கு ஒரு பைசா வராது.

கீழச்சபை மீடியா

எல்லாருக்கும் நன்றி. பழைய கொயர் ஐயா, உங்கள் கேள்வியை வாசித்ததுமே வயிற்றைக் கலக்கியது.

ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தேன். 'சவுண்ட் ரெக்கார்டிங்' என்றுதான் போட்டிருக்கிறது. கிளைம் 41:12-ல் தொடங்குகிறது. கொயர் வாயைத் திறப்பது 41:30-ல். அந்தப் பதினெட்டு வினாடியில் வருவது வெறும் புல்லாங்குழல். எங்கள் சபையில் புல்லாங்குழல் வாசிக்கிற ஆள் கிடையாது.

கீபோர்டு வாசிக்கிற பையனைக் கேட்டேன். முதலில் 'டோன் அண்ணே, டோன்' என்றான். பிறகு பென்டிரைவை நீட்டினான். அதில் எழுபத்துச் சொச்சம் ட்ராக், எல்லாம் பாடகர் குரலை நீக்கின மைனஸ் ஒன், டெலிகிராமில் இறக்கினது. இவன் மேலே ஸ்ட்ரிங்ஸ் மட்டும் அமுக்கிக்கொண்டு நிற்கிறான். எட்டு மாதமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. மிக்சரில் நான்தான் அந்த லைனுக்கு வால்யூம் ஏற்றிவிடுகிறேன், எனக்கே தெரியவில்லை. கீபோர்டு நன்றாக முன்னேறிவிட்டான் என்று கிறிஸ்மஸுக்கு அவனுக்குச் சால்வை வேறு போட்டோம்.

டிஸ்ப்யூட்டை இனி இழுக்கப் போவதில்லை. அந்தப் பாட்டு வருகிற இடத்தை மட்டும் வீடியோவிலிருந்து வெட்டியாயிற்று, கிளைம் போய்விட்டது. மற்ற எட்டு மாத வீடியோவில் இன்னும் எத்தனை புல்லாங்குழல் இருக்கிறதோ, ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன்.

டிரேட்மார்க் விஷயம்: இணையதளத்தில் தேடினால் அந்தப் பெயர் 16-ஆம் வகுப்பில் மட்டும் இருக்கிறது. மாதப் பத்திரிகைக்காகப் பதிந்தது போல. செயலாளர் போன் போட்டார். எடுத்த பெரியவர் முதலில் விறைப்பாகப் பேசினாராம். பிறகு இருவருக்கும் ஒரே ஐயர்தான் திடப்படுத்தல் கொடுத்தவர் என்று தெரிந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கூட்டத்தின் பெயரோடு எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போட்டால் போதும் என்கிறார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு இன்னும் வரவில்லை.

பன்னிரண்டு பாட்டில் ஐந்து பேர் சரி என்றார்கள். ஒருவர் புத்தகம் ஒன்று அனுப்பச் சொன்னார். இரண்டு பாட்டு கம்பெனி கையில். நான்கு பேரிடமிருந்து பதிலே இல்லை. இடம் காலியான ஆறு பாட்டுக்கும் கீர்த்தனை தேடித் தரச் சொல்லி உபதேசியாரிடம் கேட்டிருக்கிறேன், அவர் பதினெட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

வரும் ஞாயிறு ட்ராக் கிடையாது. ஆலயத்து ஹார்மோனியத்தை எடுத்துத் தூசி தட்டினோம். நடு ஸ்தாயியில் ஒரு கட்டை அமுக்கினால் எழும்ப மாட்டேன் என்கிறது. திருநெல்வேலி டவுனில் இதைச் சரி செய்கிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பழைய கொயர்

டவுனுக்குப் போகவேண்டாம் தம்பி. சனிக்கிழமை காலை நானே வருகிறேன். கீபோர்டு பையனையும் இருக்கச் சொல்லுங்கள்.